கேலண்டரிங் ஷெட்டின் இரண்டு இருட்டுகள்

எடிட்டிங் பழகும் நீங்கள் இன்று மூன்று கேமராவின் காட்சிகளையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து, ஒரு பட்டனைத் தட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிறீர்கள். திரும்பி வருவதற்குள் சாஃப்ட்வேர் மூன்றின் ஒலியையும் ஒப்பிட்டு வரிசையாக உட்கார வைத்திருக்கிறது. சரியாகத்தான் உட்கார வைத்திருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. கல்யாண வீடியோவில் அதனால் பெரிய கேடு இல்லை. மாமனாரின் சிரிப்பு அரை விநாடி முன்னால் வந்தால் மாமனார் கோபித்துக்கொள்ள மாட்டார். இப்படிக் காட்சிகளை ஒரே நேரத்துக்குப் பொருத்துவதுதான் சிங்க்; நான் சொல்லப்போவது வேறு ஒரு சிங்க் பற்றி. அது ஒரு மனிதனைப் போலீஸ் ஸ்டேஷனுக்குள் தள்ளப் பார்த்தது.

என்னைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சினிமாவுக்கென்று முறையாக எடிட்டிங் படித்தவன். ஒரு வருடம் இருந்து பார்ப்போம் என்று திருப்பூர் வந்து, அருள்புரத்தில் ஒரு ஸ்டுடியோவின் எடிட்டிங் அறையிலேயே தலை நரைத்து ஓய்வு பெற்றவன். படித்த பாடம் எதையும் மறக்கவில்லை. அதைச் செலவழிக்கக் கிடைத்த இடங்கள்தான் சீர்வரிசைத் தட்டுகளும் பனியன் கம்பெனி புரொஃபைல்களும்.

புரொஃபைல் என்றால் சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையருக்குக் கம்பெனியைக் காட்ட அனுப்பும் சிடி. எல்லாக் கம்பெனிக்கும் ஒரே கதைதான். கேட் திறக்கும். முதலாளி எதையாவது சுட்டிக்காட்டியபடி நடப்பார்; எதைச் சுட்டிக்காட்டுகிறார் என்று எந்த பையரும் கேட்டதில்லை. தையல் லைனில் அன்றைக்கு மட்டும் எல்லோரும் மூக்கை மூடித் துணி கட்டியிருப்பார்கள். பின்னணியில் ஆரம்பம் முதல் முடிவு வரை கீபோர்டு இசை. இசை இருப்பதால் கேமராவில் பதிவான ஒலி யாருக்கும் தேவைப்படாது. எடிட்டர் முதல் வேலையாக அதை மியூட் செய்துவிடுவார். பழக்கம் அப்படி.

ஒலியை வைத்து சிங்க் செய்வதும் அங்கே நடக்காது. மெஷின் இரைச்சலில், பொருத்துவதற்கு ஓர் அடையாளமாகக் கை தட்டினால் தட்டியவனுக்கே கேட்காது. எங்கள் ஸ்டுடியோவில் தண்டபாணி என்ற எடிட்டர் இருந்தார். நெசவுக் குடும்பத்துப் பிள்ளை, கெட்டிக்காரர், கிருத்திகை தவறாமல் விரதம் இருப்பவர். இதற்கு அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். கரண்ட் கட் உச்சத்தில் இருந்த வருடங்கள் அவை. கரண்ட் போனால் கம்பெனி முழுக்க ஒரே கணத்தில் விளக்கு அணையும். எந்த மூலையில் எந்தக் கேமரா இருந்தாலும் அந்த இருட்டு அதில் விழும். ஒரு கேமராவின் இருட்டை இன்னொன்றின் இருட்டோடு பொருத்தினால் எல்லாம் பொருந்திவிடும்.

"கரண்ட் ஆபீஸ்காரனே நமக்குக் கிளாப் அடிச்சுக் குடுக்கறானுங்க சார்" என்பார். திருப்பூர் எடிட்டரால் மட்டுமே கண்டுபிடிக்க முடிந்த முறை. திருப்பூர் எடிட்டரால் மட்டுமே செய்ய முடிந்த தவறும் அதிலிருந்துதான் வந்தது.

சென்னியப்பன் என்பவரின் கம்பெனிக்குப் புரொஃபைல் எடுத்துக்கொண்டிருந்தோம். பகலில், மூன்று கேமராக்கள். கேலண்டரிங் ஷெட்டில் விபத்து நடந்தது. கேலண்டரிங் மெஷின் என்பது துணியைச் சூடான இரண்டு உருளைகளுக்கு நடுவே விட்டுச் சுருக்கம் எடுப்பது. உருளைக்கு எதிரே ஒருவர் நின்று துணியைச் சரி செய்து விடுவார். மெஷினை ஓட்டும் ஆபரேட்டர் மறுபக்கம் சுவிட்ச் பலகைக்கு முன்னால் நிற்பார். இவர் இருக்கும் இடத்திலிருந்து உருளை தெரியாது. அதனால் கரண்ட் போய் வரும்போதெல்லாம் ஆபரேட்டர் குரல் கொடுத்துவிட்டுத்தான் பச்சை பட்டனை அமுக்க வேண்டும். மெஷின் நின்றிருக்கும் நேரத்தில் எதிரே இருப்பவர் கையை விட்டுச் சுருக்கத்தை இழுத்துவிடுவார். செய்யக் கூடாத காரியம். எல்லோரும் செய்கிற காரியம். குரல் வரும்வரை மெஷின் ஓடாது என்ற நம்பிக்கை.

அன்றைக்கு உருளை ஓடியது. சாலமன் என்பவரின் வலது கை உள்ளே போய்விட்டது. விரல்கள் தேறுமா என்று டாக்டர்கள் சொல்லவில்லை. ஆபரேட்டர் ஜெபராஜ், சாலமனுக்குச் சொந்த அக்காள் கணவர். திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து, கம்பெனியில் நல்ல பெயர் எடுத்து, மைத்துனனையும் கூட்டி வந்து தன் மெஷினிலேயே சேர்த்துவிட்டவர்.

அடுத்த நாள் நான் கோயம்புத்தூர் போயிருந்தேன். சென்னியப்பன் ஸ்டுடியோவுக்கு வந்து, சம்பவத்தின் டேப் இருந்தால் போடச் சொல்லியிருக்கிறார். தண்டபாணி போட்டுக் காட்டியிருக்கிறார். அதற்கும் மறுநாள் மதியம் நான் அறையில் இருக்கும்போது சென்னியப்பன் மறுபடியும் வந்தார். இந்த முறை ஜெபராஜையும் அவர் மனைவி எஸ்தரையும் கூட்டி வந்து முன் அறையில் உட்கார வைத்துவிட்டு உள்ளே வந்தார்.

"சார், நீங்க படிச்சவுங்க. நீங்களும் ஒருக்காப் பாத்துருங்க. அவந்தானுங்க அமுக்கறான். கண்ணுல தெரியுதுங்க. அவனுக்கும் அவன் பொண்டாட்டிக்கும் காட்டீட்டு, அப்படியே ஸ்டேசனுக்குக் கூட்டீட்டுப் போறனுங்க. நாளைக்கு என்ற மேல ஒரு பேச்சு வரக்கூடாது பாருங்க."

"அவர் என்ன சொல்றார்?" என்று கேட்டேன்.

"அவனா? தெரியலைங்கறானுங்க. இல்லைன்னு சொன்னாலாச்சும் ஒரு நாயம்."

தண்ணீர் எடுத்து வரும் சாக்கில் முன் அறைக்குப் போனேன். கல்யாண ஆல்பம் மாதிரிகள் அடுக்கிய மேசைக்கு முன்னால் ஜெபராஜ் உட்கார்ந்திருந்தார். எஸ்தர் அவருக்கும் தனக்கும் நடுவே ஒரு நாற்காலியைக் காலியாக விட்டு, ஜன்னலைப் பார்த்தபடி இருந்தாள். என்னைக் கண்டதும் ஜெபராஜ் எழுந்து நின்றார்.

"அண்ணாச்சி, நீங்கதான் படம் போடுதவியளா?"

"ஆமா. உட்காருங்க."

"நான் அமுக்குனேனா இல்லியான்னு எனக்கே தெரியல அண்ணாச்சி. கரண்ட் வந்துச்சுன்னா கை தானா பச்சைக்குப் போயிரும். ஒரு நாளைக்கு எத்தன தடவ போவுது, எத்தன தடவ வருது. கூப்ட்டேனா, கூப்பிடலியா, ஒண்ணும் நெனப்பு வர மாட்டேங்கு. அவன் கத்துனதுதான் காதுல நிக்கி. படத்துல நான் அமுக்குறது இருந்தா இருந்துட்டுப் போவுது. எனக்குத் தெரியணும்."

எஸ்தர் திரும்பாமலே சொன்னாள். "தெரிஞ்சு? கை வந்துருமா?"

அவர் உட்கார்ந்துவிட்டார். மைத்துனனைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு அவரை அவள் வரவிடவில்லை என்று பிறகு தெரிந்தது. அந்த நடு நாற்காலியைப் பார்த்தபோதே பாதி தெரிந்துவிட்டது.

உள்ளே வந்து, போடச் சொன்னேன்.

திரையை இரண்டாகப் பிரித்து வைத்திருந்தார் தண்டபாணி. இடது பக்கம் முதல் கேமரா, உருளைப் பக்கம் ஸ்டாண்டில் நின்றது. வலது பக்கம் இரண்டாவது கேமரா, சுவிட்ச் பலகைப் பக்கம் தோளில் இருந்தது. இரண்டிலும் மெஷின் ஓடுகிறது. இரண்டிலும் ஒரே நேரத்தில் இருட்டுகிறது. இடது பக்கத்தில், கூரைக் கண்ணாடி வழியே வரும் மங்கிய வெளிச்சத்தில், சாலமன் நின்றுபோன உருளைக்குள் கையை விடுகிறார். வலது பக்கத்தில் விளக்கு வருகிறது. ஜெபராஜின் கை பச்சை பட்டனுக்குப் போகிறது, அமுக்குகிறது. இடது பக்கத்தில் உருளை சுற்றுகிறது.

அங்கே நிறுத்தினார் தண்டபாணி. சத்தமே இல்லாத படம்.  இதைப் பார்க்கும் எவரும், அந்த ஜெபராஜ் உட்பட, ஒரே முடிவுக்குத்தான் வருவார்கள்.

"போதுமுங்களா? கூப்புடட்டுங்களா?" சென்னியப்பன் எழுந்தார்.

இந்த இடத்தில்தான் நம் வேலை இருக்கிறது. பார்ப்பவருக்கு இரண்டு படம் பக்கத்துப் பக்கத்தில் ஓடினால், இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தவை. அதைச் சொன்னது கேமரா அல்ல. பக்கத்தில் வைத்த எடிட்டர். அவர் எதை நம்பி வைத்தார் என்று ஒருவரும் கேட்பதில்லை, எடிட்டரும் தன்னைக் கேட்டுக்கொள்வதில்லை.

"தண்டபாணி, சத்தத்தைப் போடுங்க" என்றேன்.

"சத்தம் மியூட்ல இருக்குதுங்க சார். வெறும் எரைச்சல்தானுங்களே."

"அந்த எரைச்சலைத்தான் கேட்கிறேன். முதல்ல வலது பக்கம் மட்டும்."

போட்டார். மெஷின் இரைச்சல், பிறகு இருட்டு, பிறகு அமைதி. எங்கோ ஜெனரேட்டர் முக்கி முக்கி எழும் சத்தம். விளக்கு வந்தது. ஒரு குரல், தெளிவாக, ஷெட் அதிரும்படி:

"ஏல சாலமா, கைய எடுல!"

பதில் குரல் ஒன்று தூரத்திலிருந்து. "எடுத்தாச்சு அத்தான்!" அதன் பிறகுதான் கை பட்டனை அமுக்கியது. மெஷின் ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது. கேமராமேன் ஜெபராஜின் முகத்துக்கு நிதானமாக ஜூம் போனார். ஜெபராஜ் கேமராவைப் பார்த்துக் கூச்சத்தோடு சிரித்தார். அதோடு அந்த ஷாட் முடிந்தது.

"கத்தல் எங்கே?" என்றேன்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"கை உள்ளே போயிருந்தா கத்தியிருக்கணும். இந்த டேப்ல யாருமே கத்தலையே. மனுஷன் சிரிக்கிறார்."

தண்டபாணி மடமடவென்று இடது பக்கத்தின் ஒலியைத் திறந்தார். அதிலும் இருட்டு இருந்தது. ஜெபராஜின் குரல் இல்லை. ஒரு குரலும் இல்லை. உருளை சட்டென்று சுற்றியது. அதன் பிறகு வந்த சத்தத்தை எழுதப் போவதில்லை. உடனே நிறுத்தச் சொன்னேன்.

தண்டபாணி மவுஸை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "சார், ரெண்டும் வேற வேற இருட்டுங்களா?"

வேறு வேறுதான். யோசித்தால் ஒரு பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். கரண்ட் போகும்போது ஒரு இருட்டு வரும். ஜெனரேட்டர் போட்டால் வெளிச்சம். அப்புறம் லைன் கரண்ட் திரும்பியதும், ஜெனரேட்டரிலிருந்து அதற்கு மாற்றும்போது இன்னொரு இருட்டு வரும். ஒரு கரண்ட் கட்டுக்கு இரண்டு இருட்டுகள். இரண்டாவது கேமரா முதல் இருட்டை எடுத்துவிட்டு அணைந்திருக்கிறது. முதல் கேமரா முதல் இருட்டின்போது பேட்டரி தீர்ந்து நின்றிருந்து, பேட்டரி மாற்றிய பிறகு இரண்டாவது இருட்டை எடுத்திருக்கிறது. ஆளுக்கு ஒரு இருட்டு கையில் இருந்ததால் தண்டபாணி இரண்டையும் கல்யாணம் செய்து வைத்துவிட்டார்.

சென்னியப்பன் சும்மா விடும் ஆள் இல்லை. கம்பெனி நடத்துகிறவர்.

"செரிங்க. மொதல் இருட்டுல சொல்லீட்டு அமுக்குனான். ரெண்டாவது இருட்டுல சொல்லாம அமுக்கியிருப்பான். என்னுங்க வித்தியாசம்?"

நல்ல கேள்வி. அதற்கு என்னிடம் பாதிப் பதில்தான் இருந்தது. முதல் கேமராவின் படத்தை ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்தச் சொன்னேன். கூரையில் டியூப்லைட்கள் தெரிந்தன. கரண்ட் வந்ததும் டியூப்லைட் உடனே எரியாது, இரண்டு மூன்று முறை சிமிட்டிவிட்டுத்தான் எரியும். முதல் சிமிட்டலுக்கு முன்னாலேயே உருளை நகரத் தொடங்கியிருந்தது.

"லைட் வந்ததைப் பார்த்து அமுக்கினா இவ்வளவு சீக்கிரம் ஓடாது. மனுஷக் கைக்கு அந்த வேகம் கிடையாது."

"இருட்டுக்குள்ளயே அமுக்கிப் புடிச்சுட்டு நின்னிருந்தா?"

"நிக்கலாம். எதுக்கு நிக்கணும்?"

"அத அவங்கிட்டத்தான் கேக்கோணும்." குரலில் பொறுமை தீர்ந்துகொண்டிருந்தது. "சார், பொழுது போகுதுங்க. நீங்க என்னென்னமோ யோசிக்கறீங்க. ஸ்டேசன்ல எனக்கு ஆள் காத்துட்டு இருக்குதுங்க."

"மூணாவது டேப் எங்கே, தண்டபாணி?"

"அது இவரு கெஸ்ட்டக் கூட்டீட்டு நடந்ததுங்க சார். கேலண்டரிங் பக்கமே வரலைங்க. ஏத்தவே இல்லைங்க."

"ஏத்துங்க."

உங்களுக்கு இது புரியாது. அன்று டேப்பைக் கம்ப்யூட்டரில் ஏற்ற, டேப் எவ்வளவு நேரம் ஓடுமோ அவ்வளவு நேரம் ஆகும். வேகப்படுத்த முடியாது. முழுவதையும் எல்லோரும் உட்கார்ந்து பார்த்துத்தான் ஆக வேண்டும். சென்னியப்பன் கடிகாரத்தைப் பார்த்தார். முன் அறைக் கதவைப் பார்த்தார். "மூணாவதுல என்னத்தையுங்க பாக்கப் போறீங்க?" என்றார்.

"மூணாவது கேமரா நிறுத்தாம எடுத்திருக்கு. ரெண்டு இருட்டும் அதுல வரிசையா இருக்கும். எப்போ எது நடந்ததுன்னு அதுதான் சொல்லும்." நான் எதிர்பார்த்தது அவ்வளவுதான். வேறு ஒன்றும் எனக்குத் தெரியாது.

டேப் ஓடியது. சென்னியப்பன் தையல் லைனில் எதையோ சுட்டிக்காட்டியபடி நடந்தார். பக்கத்தில் பையரின் ஆள், டை கட்டியவர், தலையாட்டிக்கொண்டு. ஸ்பீக்கரில் சென்னியப்பனின் குரல் காதுக்குள் பேசுவதுபோல் கேட்டது. படத்தில் அவர் பேசும் பகுதிக்காகச் சட்டைக் காலரில் மைக் மாட்டியிருந்தோம். பேசி முடித்ததும் கழற்ற எல்லோரும் மறந்துவிட்டார்கள். கேமரா தூரத்தில் இருந்தாலும் அவர் முணுமுணுத்தது முழுவதும் பதிவாகியிருந்தது.

"இந்தாளு தின்ன பிரியாணிக்காச்சும் ஒரு ஆர்டர் போடுவானா?" என்றது ஸ்பீக்கர்.

தண்டபாணி சிரிப்பை அடக்கக் கீபோர்டைப் பார்த்தார். சென்னியப்பனே முதலில் சிரித்துவிட்டார். "அட, இதெல்லாமுங்களா விழுந்திருக்குது! அழிச்சுப் போடுங்க சாமி, பையருக்குப் போயிரப் போகுது."

பிறகு போனில் வீட்டுக்குப் பேசினார், மத்தியானம் சுரைக்காய் வேண்டாம் என்று. பிறகு ஒரு பாட்டை முணுமுணுத்தார், தாளம் தப்பாமல். பிறகு விளக்கு அணைந்தது. முதல் இருட்டு. தையல் மெஷின்கள் நின்றன. டை கட்டியவர் ஆங்கிலத்தில் ஏதோ கேட்டுச் சிரித்தார். ஜெனரேட்டர் எழுந்தது. விளக்கு வந்தது.

"இதுதான் ஜெபராஜ் கூப்பிட்ட இருட்டு. தண்டபாணி, இங்கே ஒரு குறி போடுங்க" என்றேன்.

குறி போட்டார். டேப் ஓடிக்கொண்டிருந்தது. படத்தில் சென்னியப்பன் விருந்தாளியை முன்னால் போகவிட்டு, பின்னால் வந்த எலக்ட்ரீஷியனைக் கைகாட்டி அழைத்தார். குரலைத் தாழ்த்தினார். காலர் மைக்குக்குத் தாழ்த்திய குரல் என்று ஒன்று கிடையாது.

"ஏனப்பா, அந்தாளு முன்னால மானம் போகுது. கரண்ட் மாறறப்ப ஒவ்வொருத்தனும் பட்டனத் தேடீட்டு நிக்கறான். மறுக்கா ஒரு மெஷினும் நிக்கக் கூடாது. பலகைக்குப் பின்னால இருந்து, பச்சைப் பட்டனெல்லாம் அமுங்கியே இருக்கறாப்பல பெட்டி அட்டையக் கிழிச்சுச் சொருகி உட்டுரு. கரண்ட் வந்தா தானா ஓடோணும்."

எலக்ட்ரீஷியனின் குரல், சற்று தள்ளி: "செரிங்க. ஆளுகளுக்கு ஒரு வார்த்தை சொல்லீரட்டுங்களா?"

"அதெல்லாம் அப்பறஞ் சொல்லிக்கலாம். போ, போ."

 படத்தில் அவர் மறுபடியும் எதையோ சுட்டிக்காட்டியபடி நடந்தார். சிறிது நேரம் கழித்து இரண்டாவது இருட்டு வந்தது. முதலாவதைவிட நீண்ட இருட்டு. விளக்கு சிமிட்டியது. எங்கோ தூரத்தில், சுவருக்கு அப்பால், ஒரு கத்தல். படத்தில் இருந்த சென்னியப்பன் நின்று திரும்பினார். நாற்காலியில் இருந்த சென்னியப்பன் இரண்டு கைகளாலும் முகத்தைத் தேய்த்துக்கொண்டார்.

"நிறுத்துங்க" என்றார். நிறுத்தினோம்.

அவர் நடிக்கவில்லை. அதுவரை ஜெபராஜ்தான் அமுக்கினார் என்று உண்மையாகவே நம்பியிருந்தார். போகிற போக்கில் சொன்ன ஒரு வார்த்தை எங்கே போய் முடிந்தது என்று அவர் யோசித்தே பார்க்கவில்லை. "அப்பறம் அந்த எலக்ட்ரீசியனே சத்தமில்லாம அட்டையெல்லாம் உருவிப் போட்டிருக்கோணும். எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலீங்களே" என்றார். பிறகு வேறு குரலில் பேசினார்.

"சார். இந்த மூணாவது டேப்பு வேண்டாமுங்க. நேத்து போட்டதே இருக்கட்டும். அதயே அவனுக்குக் காட்டிருங்க. ஸ்டேசன் வேண்டாம், நான் பாத்துக்கறேன். அவனே ஒத்துக்கறதுக்குத் தயாரா இருக்கறானுங்களே."

தண்டபாணி என்னைப் பார்த்தார். தவறு அவருடையது. பழைய படமே இருந்தால் அந்தத் தவறு யாருக்கும் தெரியாமலே போய்விடும். "சார், அவரே சொல்றாருங்களே…" என்று ஆரம்பித்தார். நான் பார்த்த பார்வையில் மீதியை விழுங்கிவிட்டார்.

இங்கே உங்களுக்கு விதிமுறை சொல்ல வேண்டும் என்றால் சொல்கிறேன். டேப் வாடிக்கையாளருடையது. கேட்டால் கொடுத்துவிட வேண்டும். அவர் எதைக் காட்ட வேண்டாம் என்கிறாரோ அதைக் காட்ட நமக்கு உரிமை இல்லை. இத்தனையும் எனக்கு மனப்பாடம். ஆனால் இரண்டு காட்சிகளை ஒரே நேரத்தில் நடந்ததாகப் பக்கத்தில் வைப்பது டேப் அல்ல, என் வாக்குமூலம். அது அவருடையது இல்லை.

"டேப் உங்களுது. மூணையும் இப்பவே எடுத்துட்டுப் போங்க" என்றேன். "ஆனா நேத்து போட்டதை நான் போட மாட்டேன். நேத்து அது தப்பு. தெரிஞ்ச பிறகு இன்னைக்குப் போட்டா, பொய்."

"இந்த ரோட்டுல எத்தன கம்பெனி நம்ம சொந்தக்காரங்களுதுன்னு உங்களுக்குத் தெரியுமுங்களா?"

கொங்குத் தமிழில் மிரட்டலுக்கும் மரியாதை விகுதி உண்டு. அதனால் கேட்டவுடன் உறைக்காது, வீட்டுக்குப் போய்த்தான் உறைக்கும்.

"தெரியுங்க. பாதிப் பேருக்குப் புரொஃபைல் நான்தான் செஞ்சேன். உங்க ஜெபராஜ் வெளியே என்ன சொன்னார் தெரியுங்களா? இல்லைன்னு சொல்லல. தப்பிக்கணும்னு சொல்லல. தெரியணும்னார். நீங்க அவருக்குப் பொய்யைக் காட்டினா, செத்துப் போறவரைக்கும் மச்சினன் கையை நான்தான் நசுக்கினேன்னு நினைச்சுக்கிட்டே இருப்பார். ஸ்டேஷன்ல ரெண்டு நாள் வெச்சிருந்து விட்ருவாங்க. இதுல விட மாட்டாங்க."

அவர் எழுந்தார். டேப்புகள் மேசையில் வரிசையாக இருந்தன. எடுக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். தண்டபாணியும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும், எட்டி அவற்றை அடுக்கி அவர் பக்கம் தள்ளினார்.  சென்னியப்பன் சட்டைப் பையிலிருந்து கார் சாவியை எடுத்தார்.

"நான் கீழ கார்ல இருக்கறனுங்க. நீங்க காட்டறதக் காட்டுங்க."

முன் அறை வழியாகப் போகாமல், பின்பக்கப் படியில் இறங்கிப் போனார். டேப்புகளை எடுக்கவில்லை. மன்னிப்பு கேட்டார், மனம் திருந்தினார் என்றெல்லாம் நான் சொல்ல மாட்டேன். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. அவர் கார் அன்று ஸ்டேஷன் பக்கம் போகவில்லை. அடுத்த வருடம் அந்த ரோட்டில் சில கம்பெனிகள் எங்களைக் கூப்பிடவில்லை. இரண்டும் உண்மை. தண்டபாணி அதற்குப் பிறகு எந்த ஒலியையும் கேட்காமல் மியூட் செய்ததில்லை, எந்த இரண்டு காட்சியையும் ஒரே ஒரு இடத்தை வைத்துப் பொருத்தியதும் இல்லை. ஆரம்பத்தில் ஓர் இடம், முடிவில் ஓர் இடம், இரண்டும் ஒத்து வந்தால்தான் சிங்க் என்பார். நீங்களும் அவ்வளவு செய்தால் போதும்.

ஜெபராஜையும் எஸ்தரையும் உள்ளே அழைத்தேன். சாலமனின் கை தெரியும் படத்தை அவர்களுக்குப் போடக் கூடாது என்று முன்பே முடிவு செய்திருந்தேன். உண்மையைக் காட்டுவதற்கு எல்லாவற்றையும் காட்ட வேண்டியதில்லை. முதல் கேமராவை டியூப்லைட்கள் மட்டும் தெரியும்படி பெரிதாக்கி, ஒலியை உருளை சுற்றும் இடத்தோடு வெட்டி வைத்தேன்.

இரண்டாவது கேமராவைப் போட்டோம். இருட்டு. வெளிச்சம். "ஏல சாலமா, கைய எடுல!" "எடுத்தாச்சு அத்தான்!" பச்சை பட்டன். கூச்சச் சிரிப்பு.

"இது முதல் தடவை. இதுல ஒண்ணும் ஆகலை" என்றேன். "அடிபட்டது அடுத்த தடவை. அதுல பட்டனை யாரும் அமுக்கலை." பிறகு மூன்றாவது டேப்பின் அந்தக் குரலைப் போட்டேன். முதலாளியின் குரல், அட்டை, அதெல்லாம் அப்பறம் சொல்லிக்கலாம். பிறகு முதல் கேமரா. இருட்டு. ஒரு குரலும் இல்லாமல் உருளை சுற்றத் தொடங்கும் சத்தம். வெட்டு.

ஜெபராஜ் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். முதலாளியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பார் என்று எதிர்பார்த்தேன்.

"அண்ணாச்சி, அந்த மொதல்ல உள்ளத இன்னொரு தடவ போடுதியளா?"

போட்டேன். கைய எடுல. எடுத்தாச்சு அத்தான். முடிந்ததும் தலையைக் குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது.  நானும் தண்டபாணியும் வேறு வேலை இருப்பதுபோல் வயர்களைப் பார்த்தோம்.

எஸ்தர் அழவில்லை. அவர் முதுகையே பார்த்தபடி நின்றாள்.

"எப்பவும் கூப்புடுவியளா, இப்பிடி?"

அவர் தலை நிமிராமல் ஆட்டினார்.

"அவனும் அதான் சொன்னான். அத்தான் கூப்புடாம ஓட்ட மாட்டாவன்னு. நான்தான் கேக்கல." முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "எந்திரிங்க. ஆஸ்பத்திரில பாக்க விடுத நேரம் முடியப் போவுது. உங்கள எங்கன்னு கேட்டுக்கிட்டே கெடக்கான்."